நாணயம் காத்த நாராயண பிள்ளை

சிங்கப்பூரின் நடுநகரில் டோபி காட் என்னும் இடம் உள்ளது. மூன்று ரயில் தடங்கள் நிலத்தடியில் கூடும் பெருஞ்சந்திப்பாக அது இன்று விளங்குகிறது. ஆயினும் அதன் பெயர் முற்றிலும் வேறான ஒரு காலத்தை நினைவூட்டுவதாகும். ‘டோபி’ என்பது சலவைத் தொழிலாளரையும், ‘காட்’ என்பது நீர்த்துறையையும் குறிக்கும் வடநாட்டுச் சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், சென்னைப் பகுதியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர், ஆர்ச்சர்ட் சாலையை ஒட்டி ஓடிய ஓடையில் துணிகளை வெளுத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். மலாய் மக்கள் பிராஸ் பாசா எனப் பெயரிட்டழைத்த அவ்வோடை, பின்னர்க் கரை கட்டப்பெற்று ஸ்டாம்ஃபர்டு கால்வாய் ஆயிற்று. இன்றோ அது பெரும்பாலும் மூடப்பட்டு, சாலைக்கும் கட்டடத்திற்கும் அடியில் கண்ணுக்குப் புலனாகாமல் ஓடுகிறது.

சலவைத் தொழிலாளர் வருவதற்கு முன்பே அவ்வோடைக்குத் தமிழரோடு ஓர் உறவு ஏற்பட்டிருந்தது. 1821ஆம் ஆண்டில் அதன் அருகே ஒரு நிலம் இந்துக் கோயில் எழுப்புவதற்காக ஒதுக்கப்பட்டது. அதனைப் பெற்றவர் நாராயண பிள்ளை. எழுத்தராக வந்து, வேலையை இழந்து, செங்கற்சூளை வைத்து, துணி வணிகராகி, தீயில் யாவும் தோற்று, மீண்டும் எழுந்து, தம் மக்களின் தலைவரானவர் அவர். சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவரிடமிருந்தே தொடங்குவர். ஆயின், ‘ராஃபிள்ஸோடு வந்த முதல் தமிழர்’ என்ற ஒரு வரியோடு அவரைக் கடந்து செல்வதே வழக்கமாகிவிட்டது. அவருடைய பெருமை அவர் வந்த கப்பலில் இல்லை. வந்தபின் அவர் ஈட்டிய நம்பிக்கையில் இருக்கிறது. அந்நம்பிக்கைக்குத் தமிழில் நல்லதொரு சொல் உண்டு. அதுவே நாணயம்.

பினாங்கும் புதுத்துறையும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே சோழமண்டலக் கரையின் வணிகர்கள் கெடா, மலாக்கா முதலிய துறைகளோடு உறவு கொண்டிருந்தனர். நாகூர், நாகப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து துணி ஏற்றிய மரக்கலங்கள் கீழ்க்கடல் நோக்கிச் சென்றன; மிளகு, பாக்கு, ஈயம் முதலியன மீண்டு வந்தன. மலாக்காவில் தமிழ் எத்துணைச் செல்வாக்கோடு இருந்தது என்பதற்கு முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு சான்றாக நிற்கிறது. கணக்கு வழக்கிற்கும் வணிகப் பேச்சிற்கும் பயன்படும் என்பதால், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் வழிவழி வந்த வழக்கம் என்றும், தம் தந்தையார் தம்மையும் அவ்வாறே தமிழ் கற்க அனுப்பினார் என்றும் அவர் அதில் குறிப்பிட்டுள்ளார். மலாய் இலக்கியத்தின் புதுமைக்கு வித்திட்டவர் என்று போற்றப்படும் ஒருவர் தமிழ் மாணவராகவும் இருந்தார் என்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

இத்தகைய வணிக உலகின் ஒரு பகுதியாகிய பினாங்கில் வாழ்ந்தவரே நாராயண பிள்ளை. 1819 பிப்ரவரி 6ஆம் நாள் ஜொகூர் அரசகுலத்தாரோடு ராஃபிள்ஸ் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்வழிச் சிங்கப்பூரில் கம்பெனியின் வணிகத் துறை ஒன்று தோன்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக ‘இண்டியானா’ என்னும் கப்பலில் இங்கு வந்தார். அக்கப்பலில் நாராயண பிள்ளையும் வந்தார். அப்போது சிங்கப்பூரில் நகரம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. ஆற்றின் முகத்துவாரத்தில் குடிசைகளும், பின்னால் காடும், இடையிடையே சதுப்பு நிலமுமே இருந்தன.

வண்ணக்கர் பணி

வந்தவுடன் பிள்ளைக்குக் கருவூலத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. நாணயங்களைச் சோதித்துப் பிரிப்பது அவருடைய பொறுப்பாயிற்று. அக்கால வணிகத்தை அறிந்தோர்க்கு அப்பணியின் அருமை விளங்கும். சிங்கப்பூருக்கெனத் தனி நாணயம் அன்று இல்லை. மெக்சிகோவில் அச்சிடப்பட்ட ஸ்பானிய வெள்ளிக் காசே துறைமுகங்களில் பெரிதும் வழங்கியது. அதனோடு இந்திய ரூபாயும் டச்சுக்காரரின் காசும் கலந்து வந்தன. ஓரம் செதுக்கப்பட்டவை, முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்தவை, கள்ளக் காசுகள் எனப் பலவகையும் அவற்றுள் இருந்தன. எடை பார்த்தும், ஒலி கேட்டும், கண்ணால் நோக்கியும் நல்ல காசைத் தேர்ந்தெடுக்கவல்லவர் இல்லையேல் கருவூலம் இயங்காது, வணிகமும் நடவாது.

இத்தொழில் தமிழர்க்குப் புதிதன்று. காசு நோட்டம் பார்ப்பவரைப் பண்டைத் தமிழ் ‘வண்ணக்கர்’ என்றது. சங்கப் புலவராகிய வடம வண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரில் அச்சொல் இன்றும் நிலைத்து நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுத் தொழில் மரபு ஒன்று சிங்கப்பூரின் முதற் கருவூலத்திலும் தொடர்ந்தது எனலாம்.

ஆனால் அப்பணி நெடுங்காலம் நிலைக்கவில்லை. மலாக்காவிலிருந்து வந்த மற்றொருவர் அப்பொறுப்பை ஏற்றார். பிள்ளை வேலையிழந்தார். பினாங்குக்குத் திரும்பும் கப்பல்கள் இருந்தும் அவர் திரும்பவில்லை. புதிய ஊருக்கு எது தேவை என்று எண்ணிப் பார்த்தார்.

சூளையும் கடையும்

எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்திறங்கிக்கொண்டிருந்தனர். அனைவர்க்கும் வேண்டியது வீடு. மரமும் ஓலையும் கொண்டு கட்டிய குடிசைகள் ஒரு பொறியில் எரிந்து போகும் தன்மையன. பண்டகசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செங்கல் இன்றியமையாததாயிற்று. இதனை உணர்ந்த பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை ஒன்றை அமைத்தார். சிங்கப்பூரின் முதற் செங்கற்சூளை அதுவே என்பர். பினாங்கிலிருந்த தம் மக்களுக்குச் சொல்லியனுப்பிக் கொத்தர்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதற் கட்டட ஒப்பந்தக்காரர் என்ற பெயரும் அவரைச் சேர்ந்தது.

சூளைத் தொழில் எளிதன்று. களிமண் வெட்டி, குழைத்து, அச்சில் அறுத்து, பச்சைக் கல்லை நிழலில் உலர்த்தி, விறகடுக்கி நாட்கணக்கில் எரித்தல் வேண்டும். மழை மிகுந்த இத்தீவில் உலர்த்துதல் ஒன்றே பெரும்பாடாகும். அதற்குப் பழகிய கைகளும், அக்கைகளுக்குரியோர் நம்பி வருதற்குரிய ஒரு மனிதரும் தேவை. நிலையற்ற புதிய ஊரொன்றில் பிழைப்புண்டு என்று ஒருவர் எழுதியதை நம்பிக் கைவினைஞர்கள் கடல் கடந்து வந்தனர் என்பது, அவரிடம் அவர்கள் வைத்திருந்த மதிப்பைக் காட்டுகிறது.

சூளையில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் துணி வணிகத்தில் இறங்கினார். கிராஸ் ஸ்திரீட்டில் அவருடைய கடை விளங்கியது. அந்நாளில் ஊரின் பெரிய கடைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. மலாய்த் தீவுகளில் தமிழகத்துப் பருத்தித் துணிக்குப் பழங்காலந்தொட்டே நல்ல விலை உண்டு. இங்கிலாந்தின் ஆலைத் துணியும் அப்போது கடைத்தெருவில் இடம்பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஐரோப்பிய வணிகரிடம் சரக்கைக் கடனாகப் பெற்று, விற்றபின் பணம் செலுத்தும் முறையில் வணிகம் நடைபெற்றது. அம்முறையில் கையிலுள்ள முதலைக் காட்டிலும் வாய்ச்சொல்லின் மதிப்பே பெரிது.

தீயும் கடனும்

1822ஆம் ஆண்டில் கிராஸ் ஸ்திரீட்டில் தீப்பற்றியது. பிள்ளையின் கடையும் சரக்கும் எரிந்து சாம்பலாயின. எரிந்த சரக்கில் பெரும்பகுதி கடனாகப் பெற்றது. பொருளும் போயிற்று, பொருளுக்குரிய கடனோ அப்படியே நின்றது. ஒரே நாளில் செல்வர் கடனாளியானார்.

அந்நாளைய சிங்கப்பூரில் கடன்பட்டோர் ஒளிந்தோடுதல் அரிய செயலன்று. நாள்தோறும் கப்பல்கள் புறப்பட்டன. சுற்றியிருந்த தீவுகளிலும் துறைகளிலும் பெயர் மாற்றி வாழ்வோரைத் தேடிப் பிடிக்கும் வழியும் இல்லை. முறையான அரச நீதிமன்றம் இங்கு ஏற்பட்டது 1826ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நீதிப் பட்டயத்திற்குப் பின்னரே. இச்சூழலில் பிள்ளை ஊரைவிட்டு அகலாமல் கடன் கொடுத்தோர் நடுவிலேயே நின்றார். பிறர் காசை நோட்டம் பார்த்தவரின் நாணயத்தை அப்போது ஊரார் நோட்டம் பார்த்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் ராஃபிள்ஸ் மூன்றாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தார். பிள்ளை அவரிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். கமர்ஷியல் ஸ்குவேர் என்னும் புதிய வணிகச் சதுக்கத்தில் அவருக்கு நிலம் வழங்கப்பட்டது. இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் இடம் அதுவே. ஆற்றின் தென்கரையிலிருந்த குன்றை வெட்டிச் சமனாக்கி, அம்மண்ணைக் கொண்டு கரையோரச் சதுப்பைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. அங்கே பிள்ளை புதிய கிடங்கு அமைத்து மீண்டும் வணிகம் தொடங்கினார். விரைவில் முன்னணி வணிகராக எழுந்தார்.

அவருடைய உயர்வெல்லாம் ராஃபிள்ஸின் கருணையால் வந்ததே என்று கூறுவோர் உளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆட்சியாளரின் அறிமுகம் இல்லாத ஒருவர்க்கு அச்சதுக்கத்தில் நிலம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் நிலம் மட்டும் சரக்காகாது. கையில் முதலின்றி, கடன் தலைக்குமேல் நிற்கும் ஒருவர் மீண்டும் கடை திறக்க வேண்டுமாயின், அவரை நம்பிச் சரக்குக் கொடுப்போர் இருத்தல் வேண்டும். அந்நம்பிக்கையை எந்த ஆட்சியாளரும் ஆணையிட்டு வழங்க இயலாது.

மக்கள் தலைமை

1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் ஒவ்வோர் இனத்தார்க்கும் தனித்தனிக் குடியிருப்புப் பகுதி வகுக்கப்பட்டது. வரைபடத்தை ஆக்கியவர் பெயரால் அது ஜாக்சன் திட்டம் எனப்படும். ஆற்றின் மேற்பகுதியில் ‘சூலியா’ மக்களுக்கு இடம் குறிக்கப்பட்டது. சோழமண்டலக் கரையினரைச் சுட்ட அச்சொல் வழங்கியது. சோழர் பெயரின் திரிபே அது என்று அறிஞர் பலர் கருதுவர். ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு தலைவரை ஏற்படுத்தி, சிறு வழக்குகளை அவர் வாயிலாகவே தீர்ப்பது கம்பெனியின் ஆட்சி முறை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களின் தலைவராக நாராயண பிள்ளை அமர்த்தப்பட்டார். அவர்களிடையே எழும் பூசல்களைத் தீர்க்கும் அதிகாரமும் அவருக்கு அளிக்கப்பட்டது.

1824ஆம் ஆண்டு சனவரியில் எடுக்கப்பட்ட கணக்கின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. அவருள் இந்தியர் 756 பேர். எண்ணிக்கை சிறிதாயினும் அவர்கள் ஒரு தன்மையினர் அல்லர். வணிகர், கூலித் தொழிலாளர், படகோட்டிகள், பால் வணிகர் எனப் பலரும் கலந்திருந்தனர். கூலி பாக்கி, கடன் தகராறு, வாய்ச்சண்டை, பங்கு வழக்கு ஆகியன எழுதற்குக் குறைவிராது. பிறந்த ஊராயின் பெரியோர் கூடிப் பேசித் தீர்ப்பர். இங்கோ உறவும் இல்லை, ஊரும் இல்லை. தம் மொழியில் வழக்கைக் கேட்டு, தம் வழக்கங்களை அறிந்து தீர்ப்புரைக்கும் ஒருவர் இருந்தது அம்மக்களுக்குப் பேருதவியாயிற்று.

அத்தலைமைக்கு ஒரு குறையும் உண்டு. அது மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையன்று. அந்நிய ஆட்சி தன் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்டது. இதனை மறைத்தல் வரலாறாகாது. எனினும், கிடைத்த அதிகாரத்தை ஒருவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் வேண்டும். பிள்ளை அதனைத் தம் மக்களுக்கு ஒரு பொது இடம் தேடுவதற்குப் பயன்படுத்தினார்.

மூன்று நிலங்கள்

கோயிலுக்கென முதலில் சுட்டப்பட்ட இடம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. குடியேறிகள் கப்பலிலிருந்து இறங்கும் கரையோரம் அது. பெயரிலேயே நீரைக் கொண்ட அவ்விடத்தில், வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் வசதியாகக் கிடைக்கவில்லை. நீராட்டும் அபிடேகமும் இன்றி அம்மன் வழிபாடு இல்லை. எனவே அவ்விடம் கைவிடப்பட்டது.

அதன்பின் 1821இல், முதல் ரெசிடெண்டாகிய வில்லியம் ஃபார்க்குவார், ஸ்டாம்ஃபர்டு கால்வாயாகப் பின்னாளில் மாறிய ஓடையின் அருகே பிள்ளைக்கு நிலம் அளித்தார். அங்கு நீர்க்குறை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே ஜாக்சன் திட்டம் அப்பகுதியை வேறு பயன்களுக்கு ஒதுக்கிவிட்டது. கிடைத்த நிலம் மீண்டும் கைநழுவியது. அவ்வாறு நழுவாதிருந்தால், சிங்கப்பூரின் முதல் இந்துக் கோயில் இன்று பிராஸ் பாசா, டோபி காட் வட்டாரத்தை ஒட்டியே எழுந்து நின்றிருக்கக்கூடும்.

மூன்றாவதாக, 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதைய நிலம் பிள்ளையிடம் வழங்கப்பட்டது. 1827இல் அங்கே மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எளிய கோயில் ஒன்று எழுந்தது. சின்ன அம்மன் எனப்பட்ட சிறிய மாரியம்மன் திருவுருவை அங்கே அவர் நிறுவினார். நோய் தீர்த்து மழை தரும் தாயாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வணங்கப்பெறும் தெய்வம் மாரியம்மன். காய்ச்சலும் கொள்ளைநோயும் அச்சுறுத்திய புதிய மண்ணில் குடியேறிகள் அத்தெய்வத்தை நாடியது இயல்பே.

ஈண்டு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ஊரிலே முதன்முதலாகச் செங்கற்சூளை வைத்தவர் கட்டிய கோயில் செங்கல்லால் ஆனதன்று. அரண்மனை போன்ற கோயிலைக் கட்டப் பொருள் சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்குவோர்க்கு உடனே ஒரு கூரை வேண்டும் என்பதே முதற்கவலையாக இருந்தது போலும். வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை புதிதாய் வந்தோர்க்கு அக்கோயில் அடைக்கலமாயிற்று. இந்துக்களின் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அது பின்னர் விளங்கியது. சான்றுகாட்ட உற்றார் இல்லாத மண்ணில் ஒரு திருமணத்திற்குப் பதிவேடு தரும் உறுதி சிறிதன்று.

பொதுப்பணிக்குப் பிறரும் தோள்கொடுத்தனர். 1831இல் சேஷாசலம் பிள்ளை என்பார் கூடுதல் நிலம் அளித்ததைக் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. இன்றுள்ள செங்கற் கட்டடத்தின் பழம்பகுதிகள் 1843ஆம் ஆண்டின. மூன்று நிலைக் கோபுரம் 1903இலும், இப்போதைய கோபுரம் 1925இலும் எழுந்தன. 1973இல் அக்கோயில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் ஆகிய தெருக்கள் கோயிலாலேயே பெயர் பெற்றன. அதே சாலையில் சில அடிகள் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தோற்றுவித்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. ஒரே கரையிலிருந்து வந்த இரு சமயத்தாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், அண்டை அயலில் தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பினர். இதனை மாணவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.

மதிப்பீடு

நாராயண பிள்ளையைச் சீர்திருத்தக்காரர் என்று சொல்லலாமா என்ற வினா எழக்கூடும். சிங்கப்பூரில் சீர்திருத்தம் என்றால் 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியும் நினைவுக்கு வருவர். சாதி வேற்றுமையையும் மூடப் பழக்கத்தையும் எதிர்த்தது அவர்கள் தலைமுறை. பிள்ளையின் காலம் அதற்கு நூறாண்டு முற்பட்டது. திருத்துவதற்கு ஒரு சமுதாயம் அமையும் முன், சிதறிக் கிடந்தோரைச் சமுதாயமாக்கும் பணி முந்தி நின்றது. பொது வழக்குமன்றம், பொது வழிபாட்டிடம், பொது அடைக்கலம் ஆகிய மூன்றையும் தோற்றுவித்ததே அவர் செய்த தொண்டு. அவ்வடித்தளத்தின்மேல் நின்றே பின்வந்தோர் வாதிட்டனர், திருத்தினர்.

அவரோடு உழைத்தோரையும் மறத்தல் ஆகாது. பினாங்கிலிருந்து அவர் அழைத்து வந்த கொத்தர், தச்சர் ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் 80 பேர் இங்குக் கொணரப்பட்டனர். அவ்வாறு வந்த கைதிகள் பின்னர்ச் சாலை அமைத்தனர், செங்கல் அறுத்தனர், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும், டோபி காட்டிற்கு அண்மையிலுள்ள இஸ்தானா மாளிகையையும் கட்டினர். அவர்கள் பெயரில் சிலைகள் இல்லை. நாராயண பிள்ளைக்கோ, சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி 2019இல் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையருகே உருவச்சிலை ஒன்று வைக்கப்பட்டது. சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோர் சிலைகளும் உடன் நின்றன. பாய லேபார் வட்டாரத்தில் பிள்ளை சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. அவரைப் போற்றும்போது, அவரை நம்பிக் கடல் கடந்த பெயரறியாதோரையும் சேர்த்துப் போற்றுவதே முறையாகும்.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பால்குடங்களும் காவடிகளும் டோபி காட் வழியாக டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நோக்கிச் செல்கின்றன. அவ்வாறு செல்வோரின் காலடியில், மூடப்பட்ட கால்வாயில், பழைய ஓடையின் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயிலுக்கு நீர் வேண்டும் என்று ஒருவர் தேடி வந்து, நிலம் பெற்று, அதனை இழந்து, மனந்தளராது மீண்டும் கேட்ட இடம் அது. அவ்வழியே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒரு கணம் நின்று அவர் பெயரைச் சொல்வாராயின், நாராயண பிள்ளைக்கு அதுவே தகுந்த நன்றியாகும்.